பவளராணியின்ரை கூறைச் சீலை

கக்கூசைப் பற்றியும் மேடையிலை கதைக்கிறதோ எண்டு பின்னுக்கு ஆரோ சிரிக்கினம். சிரியுங்கோ! பெற்றோர் கூட்டம்தானே, ஒரு சின்னக் கதை சொல்லுறன், கேட்டிட்டுச் சிரியுங்கோ.

சண்டை நடந்த காலம்... வன்னியிலை ஒரு வெட்டவெளி. மரமில்லை, மறைப்பில்லை, தறப்பாள் விரிச்சுக் கட்டின கொட்டிலுகள் மட்டும்தான். அங்கை பவளராணி எண்டு ஒரு மனுசி, மகள் துளசிகாவோடை இடம்பெயர்ந்து வந்திருந்தவ. புருசன் செல்லடியிலை செத்துப்போனார்.

அந்த வெளியிலை ஒரு கக்கூசு இல்லை! ஆம்பிளையள் எங்கையும் போவினம். பொம்பிளையள்? இருட்டும் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருக்கவேணும். துளசிகா என்ன செய்தாள் தெரியுமோ? தண்ணி குடிக்கிறதையே விட்டிட்டாள். குடிச்சால்தானே போகவேணும்! ஒருநாள் கஞ்சிக்கு வரிசையிலை நிண்ட பிள்ளை... அப்பிடியே சுருண்டு விழுந்திட்டுது.

தாய் அழுதாவோ? இல்லை. மண்வெட்டி இரவல் வாங்கிக் கிடங்கு வெட்டினா. தடி நட்டா. சுத்திக் கட்டத் துணி? பையைத் திறந்தா. கிழியாமல் கிடந்த ஒரே சீலை... அவவின்ரை கலியாணக் கூறை.

புருசன்ரை தமையன் ஓடி வந்தார். "உனக்கென்ன விசரே? என்ரை தம்பி தாலி கட்டேக்கை உடுத்த கூறையைக் கொண்டுபோய்க் கக்கூசுக்கோ கட்டுறாய்? சனம் பாத்தால் வெக்கமில்லையோ?"

அவ முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னா: "அத்தான், என்ரை பிள்ளை தண்ணி குடிக்காமல் சாகேக்கை இதைப் பைக்குள்ளை மடிச்சு வைச்சிருக்கத்தான் எனக்கு வெக்கம். அவர் இருந்தால் அவர் பிடிப்பார். இப்ப நீங்கள் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடியுங்கோ!"

மனுசன் வந்து மற்றப் பக்கத்தை இழுத்துப் பிடிச்சார்.

அண்டு பின்னேரம் துளசிகா ஒரு செம்புத் தண்ணி, மடக்கு மடக்கெண்டு குடிச்சாள். தாய் அப்பத்தான் அழுதா.

இப்ப சொல்லுங்கோ! சண்டை முடிஞ்சுது, ஊருக்குத் திரும்பி வந்திட்டம், பள்ளிக்கூடத்துக்கு மாடியும் கட்டியாச்சு. பொம்பிளைப் பிள்ளையளின்ரை கக்கூசுக்குக் கதவில்லை! காலமை நீங்கள் நிரப்பிக் குடுக்கிற தண்ணிப் போத்தில், பின்னேரம் அப்பிடியே நிரம்பி வீட்டை வருகுதோ இல்லையோ? ஏனெண்டு கேட்டனியளோ? கல்விக் கந்தோருக்குப் போய், அதிகாரியளிட்டைக் கதவு கேக்க எங்களுக்கு வெக்கமாம். கேக்கிறவைக்கு என்ன வெக்கம்? பிள்ளை தாகத்தோடை இருக்கிறதைத் தெரிஞ்சுகொண்டும் பேசாமல் இருக்கிறம் பாருங்கோ, அதுக்கு வெக்கப்படுவம்!

நாளைக்குக் கந்தோர் திறக்கேக்கை நான் வாசலிலை நிப்பன். ஆர் வாறியள்? கையை உயர்த்துங்கோ... தாய்மார் சரி. தகப்பன்மார்? உங்களைத்தான் கேக்கிறன்!