மெத்தைக்கு அடியில் கத்தி

வக்கீலம்மா, முதலில் அந்தக் காப்பியைக் குடியுங்கள். ஜாக்சன் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். சர்க்கரை போதவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், என் வீட்டில் கூச்சம் வேண்டாம்.

கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளை பெறப் போகிறவளின் மெத்தைக்கு அடியில் கத்தி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது வலியை வெட்டிவிடும் என்பார்கள். பருத்திக்காட்டுக் குடிசைகளில் மருத்துவச்சியாக இருந்த காலம் முழுக்க வைத்திருக்கிறேன். பிறகு, பிரசவமெல்லாம் இனி ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்லி எங்கள் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மற்ற மருத்துவச்சிகள் வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைக்கப் போனார்கள். எனக்கு மட்டும் டாக்டர் ஹாஸ்க்யூ நர்ஸ்கள் போடும் வெள்ளைத் தொப்பி கொடுத்து, கறுப்புப் பெண்களின் வார்டில் வைத்துக்கொண்டார்.

நம் பெண்கள் அங்கே வரவே பயந்தார்கள். நான் கத்தி வைக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் வந்தார்கள். டாக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒருநாள், "ஆர்செல்லா, இனிமே எல்லாருக்கும் வைக்காதே. பிள்ளை இதோட போதும்னு யாரப் பாத்து உனக்குத் தோணுதோ, அவளுக்கு மட்டும் வை. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் கண்மூடித்தனமாக வைக்கவில்லை. புருஷன் இல்லாதவள், அரசாங்க மாவுக்கும் பால்பவுடருக்கும் வரிசையில் நிற்கிறவள், இப்படிப் பார்த்துத்தான் வைத்தேன். சின்னச் சின்னச் சவப்பெட்டிகளைப் புதைத்துப் புதைத்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. வைக்காதவர்களிடமும் வைத்திருக்கிறேன் என்றே சொல்வேன், மனசு நோகக் கூடாதே. பிள்ளை பிறந்ததும் மயக்க மருந்து கொடுப்பார்கள். மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, கத்தி தட்டுப்பட்டால் அவளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். கருக்குழாயை வெட்டிக் கட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். விழித்தவள் தையலைத் தொட்டுப் பார்த்துக் கேட்டால், குடல்வால் கெட்டிருந்தது, நல்லவேளை எடுத்துவிட்டோம் என்பேன். பலர் எனக்கு நன்றி சொன்னார்கள்.

டோவி மே விஷயம் வேறு. அவளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சின்னப் பெண், முதல் பிரசவம், கட்டிய புருஷன் ரூஃபஸ் வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வலி ஏறியபோது அவள் மெத்தைக்கு அடியில் கைவிட்டுத் துழாவியிருக்கிறாள்.

"பொய் சொல்லிட்டீங்களே அத்தை. இங்க ஒண்ணுமே இல்ல. எங்கம்மாவுக்கு நீங்கதானே வச்சீங்க, நான் பொறந்தப்போ? எனக்கும் வைங்க அத்தை, உசிரு போகுது."

உனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வைத்தேன். அவள் முகம் உடனே தெளிந்தது. வலி அடங்கியதும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

ஆண் குழந்தை. குளிப்பாட்டிக்கொண்டு திரும்பியபோது அவளைத் தள்ளிக்கொண்டு என் எதிரே வந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தவறுதலாக வைத்துவிட்டேன் என்றால், டாக்டர் என் தொப்பியை வேறொருத்திக்குக் கொடுத்திருப்பார். அவள் யோசிக்காமல் எல்லோருக்கும் வைத்திருப்பாள். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

அந்தக் குழந்தை முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பிறகு டோவி மே என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். "இன்னும் தங்கலயே அத்தை, எங்கிட்ட என்ன கோளாறு?" என்று அழுவாள். ஆண்டவன் மனசு வைக்கணும் என்று சொல்லி கருப்பைக்கு நல்லதென்று ராஸ்பெரி இலைத் தேநீர் போட்டுக் கொடுப்பேன். வருஷக்கணக்காகக் குடித்தாள். ரூஃபஸ் சிகாகோவுக்குப் போய் வேறொருத்தியோடு பிள்ளை பெற்ற பிறகும் வந்து குடித்தாள், இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில். காசு வாங்கியதில்லை.

இந்த வழக்குக்காகக் கோர்ட்டில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். மற்றவர்களுக்குக் கத்தி வைத்தது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் டோவி மே பெயரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், வக்கீலம்மா. அந்த வார்டிலேயே கேட்டு வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.