எழுபதுக்கு அப்புறம் சோளக்காடு

– கல்லுதானேங்க, குழந்தைவேலண்ணா. ஓடையில கெடந்த கல்லு. வெள்ளிக்கெழம வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே இருந்தா என்ன, தேஞ்சா போயிரும்?

– கல்லுதான் டீச்சர். அதத்தான் நானும் கேக்கறேன். வெறும் கல்லுக்கு எதுக்கு இத்தன கெஞ்சறீங்க? தள்ளுங்க, சாக்க விரிக்கோணும்.

– சித்த இருங்கண்ணா. வெள்ளிக்கெழம ஆபீசருங்க வராங்க. செலவில்லாம பாடம் நடத்தற சாமான் என்னென்ன இருக்குதுன்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா பாத்து போட்டோ எடுக்கறாங்க. நான் இங்க வந்தே ஒரு மாசந்தான் ஆகுது. காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல.

– ஓகோ. செலவில்லாததப் பாக்கறதுக்கு எத்தன காருல வராங்க?

– ரெண்டு காருங்க.

– நல்லாருக்குதுங்க. அந்தச் செவுத்துல பளபளன்னு தொங்குதே, அது என்ன?

– மயிலுங்க. தெர்மாகோல்ல நானே வெட்டுனேன். எறகுக்கு ஒரு எழுத்து. ஜிகினா மட்டும் நாமக்கல்லுல வாங்குனது.

– புள்ளைங்க தொட்டுப் பாத்துதுங்களா?

– ஐயோ, தொட்டா உதுந்துரும்ங்க. அதான் ஒசரத்துல மாட்டி வெச்சிருக்கேன்.

– அதானே. ஒண்ணாப்புப் புள்ளைக்கு எட்டாத ஒசரத்துல ஒரு மயிலு. பின்ன என்ன கவல? வரவிய மயில போட்டோ புடிச்சுட்டுப் போகட்டும். நீங்களும் பக்கத்துல நின்னுக்கங்க, ரெண்டு பேரும் நல்லா விழுவீங்க.

– சொன்னா கோவிச்சுக்காதீங்க. நான் வந்த அன்னைக்கு, எனக்கு முன்னால இங்க டீச்சரா இருந்த உங்க வீட்டம்மா அலமாரியத் தொறந்தேன். தொறந்ததும் ஒரு வண்டு மூஞ்சியில வந்து முட்டுது. ஒரே கொட்டைங்க. பலாக்கொட்ட, புளியங்கொட்ட, சோடா மூடி. துணியில பத்துப் பத்தா முடிஞ்சு வெச்ச பொக்கு மிளகு. இது பள்ளிக்கூடமா, பழைய சாமான் கடையான்னு நெனச்சேன்.

– பொக்கு மிளகுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எங்காட்டு மிளகுங்க அது. பொக்குதானே, பொக்குதானேன்னு சொல்லிச் சொல்லி நல்ல மிளகையும் சேத்து அள்ளிட்டு வந்துருவா.

– கொட்டாங்குச்சியில ஒரு தராசு வேற. கயிறு அறுந்து கெடக்குது. அதுல என்னடா பண்ணுனீங்கன்னு கேட்டேன். ஒரு பக்கம் டீச்சர் செருப்பு, ஒரு பக்கம் மரவள்ளிக் கெழங்கு வெச்சு எது கனம்னு பாத்தோம்ங்குது ஒண்ணு. அப்புறம்னேன். அப்புறம் கெழங்க அவிச்சுத் தின்னுட்டோம்ங்குது!

– பின்ன செருப்பையா திங்கும்?

– அண்ணா, நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

– நானும் வெளையாட்டுக்குச் சொல்லல. அந்த ஒடஞ்ச மொறம் எங்க? சாமை கொட்டி வெச்சிருப்பாளே?

– கோழிக்குப் போட்டுட்டேன்ங்க. பூச்சி புடிச்சிருந்துச்சு.

– ஓகோ. கோழி நாலு எழுத்து கத்துக்கிச்சா? அந்த மொறத்துல வெரல வெச்சுத்தான் டீச்சர் இந்த வளப்பூர் நாட்டுப் பொடுசுங்க 'அ' போட்டுச்சுங்க. தப்பாப் போட்டா மொறத்த ஒரு ஆட்டு ஆட்டுனாப் போதும், அழிஞ்சுரும். எவளும் எவனும் தப்புப் போட்டதே தெரியாது. உங்க மயில அப்படி ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க.

– சரிங்க, மயில விடுங்க. கல்லுக்கு வாங்க. எழுபது கல்லு, சுண்ணாம்புல நம்பரு, மலைப்பாத மாதிரி வளைச்சு வளைச்சு அடுக்கி வெச்சு புள்ளைங்க பஸ்ஸு ஓட்டுதுங்க. நல்ல ரோசனதான், நான் இல்லங்கல. ஆனா பளிச்சுன்னு இல்ல. ரோஸ் பெயிண்டு அடிச்சு, நேரா ஒரே வரிசையா வெச்சுட்டேன்னா…

– நேராவா?

– வளைச்சு வெச்சா போட்டோவுல எழுபதும் விழாதுங்க.

– நல்லாருக்குது. ரோடு போட்டவனே முடியாமத்தான் டீச்சர் எழுபது வளைவு வளைச்சு விட்டான். நீங்க வெள்ளிக்கெழமைக்குள்ள மலைய நேராக்கிருங்க.

– நீங்க சிரிச்சுக்கங்க. வெள்ளிக்கெழம ஆபீசர் கேள்வி கேக்கறப்ப நிக்கப் போறது நானு. ஒண்ணு ரெண்டு சொல்லுடான்னா எழுபதுல ஆரம்பிச்சுக் கீழ வருதுங்க. ஏன்டான்னா, 'இது எறங்கற பஸ்ஸு டீச்சர்'ங்குது. சரி, ஏறற பஸ்ஸ ஓட்டுங்கன்னேன். ஒண்ணுலருந்து எழுபது வரைக்கும் ஓட்டிட்டு வந்து நின்னுச்சுங்க. எழுபதுக்கு அப்புறம் என்ன வரும்னு கேட்டேன். அத்தனையும் ஒரே கொரல்ல 'சோளக்காடு'ங்குதுங்க!

– சரிதானுங்களே. எழுபதாவது வளைவு தாண்டுனா சோளக்காடுதான் வரும். ராசிபுரமா வரும்?

– எழுபத்தொண்ணு வரும்ங்க!

– எங்க மலையில வராது.

– ஆபீசர் முன்னாடி இப்படிச் சொன்னா என் மானம் போயிரும். யாரு கத்துக்குடுத்தான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

– யமுனா டீச்சர்னு சொல்லுங்க. அவியளுக்கு நல்லாத் தெரியும். அவியளுக்காகத்தான் அவ போனது.

– அண்ணா…

– என்ன அண்ணா? ஆடி மாசம், அப்படிப்பட்ட மழையில, கீழ பயிற்சியாம். வீணாப் போற சாமான வெச்சுப் பாடம் நடத்தறது எப்படின்னு கத்துக்குடுக்கறாங்களாம். இத்தன வருசமா வேற எத வெச்சு நடத்துனா அவ? போகாட்டி என்னடீன்னேன். எல்லாத்துக்கும் காட்டறேன்னு கொட்டையும் மூடியுமா சாக்குல கட்டி ஸ்கூட்டர்ல முன்னாடி வெச்சுக்கிட்டுப் போனா. வளைவுல சறுக்கித் தடுப்புச் செவுத்த ஒடச்சுக்கிட்டுப் போயிருச்சு. நான் போயிப் பாக்கறப்ப சரிவு பூரா பலாக்கொட்ட செதறிக் கெடக்குது, ஆரோ வெதச்சு விட்டாப்பல. அன்னைக்கு அங்க பயிற்சி நிக்கவே இல்ல, தெரியுங்களா? எல்லாத்துக்கும் வடை, காப்பி. வராத டீச்சருக்கு ஆப்சென்ட்டு.

– எனக்குத் தெரியுங்க. வந்த அன்னைக்கே சொன்னாங்க, வளைவுல வண்டி போயிருச்சுன்னு. நெம்ப வெசனமா இருந்துச்சு.

– உங்களுக்காச்சும் வெசனம். மொகம் பாக்காத மனுசி. இந்த ஊருக்கு அதுகூட இல்ல. கருமாதிச் சோறு தின்னு கையக் கழுவுனதோட சரி. ஒரு சனம் அவ பேர எடுக்குதா? பெரியவியள விடுங்க. இந்தப் பொடுசுங்க! ஒண்ணுக்கு மூக்குச் சிந்தி விட்டிருப்பா, ஒண்ணுக்குப் பேன் பாத்திருப்பா. நேத்து இந்த வழியாப் போனேன். பாம் பாம்னு பஸ்ஸு ஓட்டிக்கிட்டுச் சிரிக்குதுங்க. அவ வெரலால சுண்ணாம்பு தொட்டு எழுதுன கல்லு, அதச் சுத்திச் சுத்தி ஆட்டம். எனக்குக் கொள்ளி வெச்ச மாதிரி இருந்துச்சு. அதான் எடுத்துட்டுப் போறேன். மிளகுக் கொடி தூருல போட்டு வெச்சா கொடியாச்சும் மதிக்கும்.

– ஊருல யாருகிட்டயும் நீங்க பேசறதில்லன்னாங்க.

– பேசறதுக்கு எவன் இருக்கான்? அன்னையிலருந்து மலையே எறங்கல நானு. மிளகு எடுக்கற யாவாரியக்கூட ஊட்டுக்கு வரச் சொல்லிட்டேன். அந்த ரோட்ட நான் இனி பாக்கமாட்டேன். சாக்கோட வாயப் புடிங்க டீச்சர், புண்ணியமாப் போகும்.

– புடிக்கறேன்ங்க. ஆனா நாலே நாலு நாள் குடுங்க. சனிக்கெழம நானே கொண்டாந்து உங்க ஊட்டு வாசல்ல கொட்டறேன். அதுக்குள்ள இந்தப் புள்ளைங்கள எப்படி ஒழுங்கு பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க. எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்குதுங்க.

– என்ன ஒழுங்கு கெட்டுப் போச்சு?

– மொதல்ல அந்தத் தழை! காலைல வாரப்ப ஆளுக்கொரு கொத்து ஒடிச்சுக்கிட்டு வருதுங்க. பலா எல, காப்பி எல, கையில மாட்டுனது. இந்த வெளையாடற எடத்துல போட்டுட்டு ஓடிருதுங்க. தெனமும் நான் வெளக்கமாத்தும் கையுமா நிக்கறேன்.

– ஆட்டுக்குத் தழை ஒடிக்கற கை, வேறென்ன பண்ணும்? யமுனா இருந்தவரைக்கும் இந்த வாசல்ல ஒரு துரும்பு கெடக்காது. அவ போனதும் ஆட்டுப்பட்டி ஆக்கிட்டுதுங்க பாத்தீங்களா? நாஞ்சொன்னேன்ல, நன்னி இல்லாத சென்மங்க.

– தழையக்கூடக் கூட்டித் தள்ளிரலாம்ங்க. எண்ணறப்ப நடுவுல ஒரு நம்பர முழுங்கிருதுங்களே, அத என்ன பண்ண?

– முழுங்குதா?

– ஆமாங்க. கத்திக்கிட்டே வருதுங்க, ஒரு கல்லுகிட்ட வந்ததும் கம்முனு ஆயிருதுங்க. டிரைவர் பையன் பாம்ங்கறதில்ல. கண்டக்டர் புள்ள நம்பர் சொல்றதில்ல. அந்தக் கல்ல மிதிக்காமத் தாண்டி அக்கட்டால போயி மறுக்கா கத்துதுங்க. ஏன்டான்னு கேட்டா தரையப் பாக்குதுங்க. ஒண்ணுக்குக்கூட அந்த நம்பர் தெரியல. சொன்னா கோவிச்சுக்காதீங்க, இது உங்க வீட்டம்மா விட்டுட்டுப் போன கொறதான்.

– அவ விட்ட கொறையா? ஏனுங்க டீச்சர், நாக்க அடக்கிப் பேசுங்க. அவ நடத்துன வகுப்புல ஒரு புள்ள நம்பர முழுங்குனதில்ல. நீங்க வந்த ஒரு மாசத்துல மறக்கடிச்சிருப்பீங்க, மயிலக் காட்டி.

– நான் ஒண்ணும் மறக்கடிக்கல! அதுங்க பஸ்ஸப் பாத்துக் கத்துக்கிட்டதுங்க அது. நான் நெச பஸ்ஸச் சொல்றேன். அதுல இருக்கறவங்களுக்கும் அதே பைத்தியந்தான்.

– எந்த பஸ்ஸு?

– அடிவாரத்துலருந்து நான் தெனமும் ஏறி வர பஸ்ஸுதாங்க. காது கிழியப் பேசிட்டு வருதுங்க அத்தன சனமும். ஒரு வளைவு வந்தா எல்லா வாயும் மூடிக்கும். டிரைவரு பாட்ட நிறுத்திருவாரு. ஜன்னலோரத்துல இருக்கறவங்க மடியிலருந்து தழைய எடுத்து வெளிய போடுவாங்க. மொழங்கால் ஒசரத்துக்குக் குமிஞ்சு கெடக்குது அங்க, பச்சையும் காஞ்சதுமா. உங்க மலையில குப்ப போடறதுக்குக்கூட பஸ்ஸ மெதுவா ஓட்டணும் போல. பெரியவங்களே இந்த லட்சணத்துல இருந்தா…

– டீச்சர்.

– சொல்லுங்க.

– அந்த எடத்துல தடுப்புச் செவுத்துக்குப் புதுசா சிமெண்டு பூசியிருக்குதுங்களா?

– ஆமாங்க, கொஞ்சத் தூரத்துக்கு. நீங்கதான் மலையே எறங்கலன்னீங்க?

– எந்த வளைவுங்க அது?

– பலகையில நாப்பத்தாறுன்னு போட்டிருக்கும். ஏனுங்க?

– பொடுசுங்க முழுங்கற நம்பரு?

– நாப்பத்தஞ்சு சொல்லுதுங்க. அப்புறம் தாண்டி… அண்ணா. அப்புறம் நாப்பத்தேழு.

– ம்.

– தழையும் அந்தக் கல்லு மேலதாங்க கெடக்கும்.

– ஆளு செத்த எடத்த நாங்க சும்மா தாண்டமாட்டோம் டீச்சர். வாயும் பேசமாட்டோம். ஒரு கொத்துத் தழையப் போட்டுட்டுத்தான் போவோம்.

– நான் தெனமும் கூட்டி அள்ளிக் கொட்டிட்டேனே. இன்னைக்குக் காலைலகூட.

– மறுக்கா கொண்டாந்துதுங்களா?

– நான் திட்டத் திட்ட. ஒரு நாள் தவறல.

– ஒரு நாளும் தவறலீங்களா.

– சாக்க நான் ஒரு பக்கம் புடிக்கட்டுங்களா? எடுத்துட்டுப் போங்க, ஆபீசருக்கு நான் எதையாச்சும் சொல்லிக்கறேன்.

– எறங்கற பஸ்ஸு எத்தன மணிக்குங்க, டீச்சர்?