வேதாச்சலம் தோப்பு வழி

காலையில் மலையேறி ஓடிவிட்டு வந்தால்தான் எனக்கு இட்லி இறங்கும். மற்றபடி நான் யார் வம்புக்கும் போகாதவன். பெயர் சந்துரு, நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன்.

புத்தூர் ரோட்டிலிருந்து மலையடிவாரத்துக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. ஊருக்குப் பொதுவான பாதைதான், வேதாச்சலத்தின் மாந்தோப்புக்கு நடுவே போகிறது. போன வருஷம் அதை முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். மரியாதையாகத்தான் போய்க் கேட்டேன். மனுஷன் சிரித்தார்.

"இன்னாத்துக்குப்பா தெனம் ஓடிக்கினு கீற? எவனாவது தொரத்தறானா?"

மனு கொடுத்து வழி கிடைப்பதற்குள் என் முட்டி தேய்ந்துவிடும். அதனால் ஒரு விடிகாலையில் ஏரிக்கரையில் நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துவந்து, தோப்புக்குள் பெரிய மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். கங்கம்மா கனவில் வந்து வழி கேட்டாள் என்று பால்காரி மணியம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஊருக்குச் சொன்னது அவள்தான்.

அந்த வெள்ளிக்கிழமையே பொங்கல் வைக்கக் கூட்டம் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வேதாச்சலமே வேலியைப் பிரித்தார். நானும் ஓடினேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பந்தலுக்கு, கோழி அறுக்க, வண்டி நிறுத்த என்று மரங்கள் விழுந்தன. அவர் மறுபடி வேலி போடப்போவதாகப் பேச்சு வந்தது. அம்மன் குடியேறிய மண்ணில் மாங்காய் விற்றுத் தின்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று பதமாக எடுத்துச் சொன்னேன். மறு மாதமே மிச்சத் தோப்பையும் கோயிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வாசலில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து கும்பிடுகிறார்.

"உனுக்கு மட்டும் கனவு வரலன்னா, அம்மாவ வெளிய நிக்க வெச்ச பாவத்தோட செத்துருப்பேன் நைனா."

பாவம், கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது எனக்குத்தான். ஷூ போட்டு உள்ளே வரக்கூடாது, சன்னதி எதிரே ஓடக்கூடாது என்று கோயில் கமிட்டி கேட்டைப் பூட்டிவிட்டது. நியாயம்தான், சாமி இடம் என்றால் ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?

பக்கத்தில் சுரேஷ்பாபுவின் கரும்புத் தோட்டத்து வரப்பும் மலைக்குத்தான் போகிறது. வழி கேட்டேன், அவரும் சிரித்தார். கங்கம்மாவுக்கு ஒரு தங்கச்சி உண்டென்று இன்று காலையில் மணியம்மாவிடம் சொன்னேன்.