காக்காத்துறைக்குப் போன ஹவ்வா நாச்சி

கடல்ல பாய்மரம் மட்டுமே போய்க்கிட்டிருந்த காலத்துல, வெள்ளமுனைன்னு ஒரு கரையூர் இருந்துச்சாம். அந்த ஊர்ல ஹவ்வா நாச்சின்னு ஒருத்தி. கூடப் பிறந்தது ஒரே அண்ணன், உதுமான். நம்ம பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல அண்ணனைக் காக்கான்னுதானே கூப்பிடுறோம், அவளுக்கும் அவர் காக்காதான். சின்னதுல சண்டை போட்டு, சிப்பியால அவர் பின்கழுத்துல கீறிவிட்டவ அவ. அந்தத் தழும்பு கடைசிவரை மறையலை.

உதுமானுக்குக் கல்யாணமாகி நாலே மாசம். பொண்டாட்டி பேரு செய்னம்பு, பதினேழு வயசு. வடகிழக்கேயிருந்து வாடைக்காத்து கிளம்பினதும் சரக்குத் தோணியில ஏறினார். "கச்சான் காத்து திரும்பினா நானும் திரும்பிருவேன்"னு சொல்லிட்டுப் போனாராம். மேக்கேயிருந்து அடிக்கிற கச்சான் திரும்புச்சு. தோணி திரும்புச்சு. அவர் திரும்பலை. மேற்கே ஆப்பிரிக்கா கரையில, மொம்பாசாவுக்கு வடக்கே ஒரு பட்டினத்துல இறங்கினவர் மறுபடி ஏறலைன்னாங்க.

ஒரு வருஷமில்லை, ரெண்டு வருஷமில்லை, பன்னெண்டு வருஷம்.

செய்னம்பு நிலைமையை யோசிங்க. புருஷன் இருக்காரா, தெரியாது. மவுத்தாயிட்டாரா, தெரியாது. பக்கத்து ஊர்ல சங்கு குளிக்கிற ஒரு நல்ல மனுஷன் அவளைக் கேட்டு வந்து ஏழு வருஷமாக் காத்திருந்தார். ஊர்ப் பெரியவங்க மசியலை. கண்ணால பார்த்த சாட்சி வேணும், அதுவரைக்கும் அவ உதுமான் பொண்டாட்டிதான்னு சொல்லிட்டாங்க. அந்தப் பெரியவங்க தோணிதான் வருஷா வருஷம் அந்தக் கரைக்குப் போய்வந்துச்சு. ஒருத்தராவது இறங்கித் தேடினாங்களா? பட்டினம் பெரிசாம், எங்கேன்னு தேடுறதாம். ஒரு பொண்ணைக் கட்டி வைக்கச் சட்டம் தெரியுது, அவிழ்த்துவிட வழி தெரியலை.

ஹவ்வா நாச்சி எழுந்தா. அப்போ அவளும் புருஷனை இழந்து நின்னவ. தோணி ஓட்டுற தண்டல் பக்கீர், அவளைப் பெத்த உம்மாவோட கூடப் பிறந்த தம்பி. நேரா அவர்கிட்ட போனா. "நானும் வர்றேன் மாமா"ன்னா.

"கடல் பொம்பளைக்கு ஆகாதும்மா"ன்னார் அவர்.

"ஆம்பளைக்கு ஆன கடல்தானே மாமா எங்க காக்காவைத் தின்னுச்சு."

மாமா அவளைத் தோணியில ஏத்திக்கிட்டார்.

வாடையில பாய் விரிச்சு, தண்ணியே பார்த்து, தண்ணியே பார்த்து, அந்தப் பட்டினத்துல போய் இறங்கினாங்களாம். வெள்ளை வெளேர்னு பவளக்கல்லுச் சுவர். சித்திரம் செதுக்கின கதவு. ரெண்டு கழுதை எதிரெதிரா வந்தா ஒண்ணு பின்வாங்கித்தான் ஆகணும், சந்து அவ்வளவு குறுகல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிராம்பு வாசம். கரையில பானை மாதிரி அடி பெருத்த பொந்தம்புளி மரம், அதுக்கடியில ரெஹேமான்னு ஒருத்தி பணியாரம் சுட்டுக்கிட்டிருந்தா. நம்ம பணியாரந்தான், தேங்காய்ப்பால் ஊத்தினது. ஹவ்வா ஒண்ணை வாங்கி வாயில வைக்கப்போனா.

அப்போ சந்துக்குள்ள ஒரு குரல், "காக்கா! காக்கா!"

பணியாரம் கீழே விழுந்துச்சு. அவ ஓடினா. யாரோ தமிழாளு, யாரோ காக்கா வீட்டு ஆளுன்னு ஓடினா. போய்ப் பார்த்தா, அந்த ஊர்ச் சின்னப் பொண்ணு ஒண்ணு தன் அண்ணனைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்குது. அந்த ஊர்லயும் அண்ணனுக்குக் காக்கான்னுதான் பேரு! அண்ணன்னு மட்டுமா? இளநி விக்கிறவன் காக்கா, கழுதை ஓட்டுறவன் காக்கா, தெருவுல போற ஆம்பளை அத்தனை பேரும் காக்கா. விடிஞ்சதிலேர்ந்து அடையுற வரைக்கும் ஊரே காக்கா காக்கான்னு கூப்பிடுது. ஒவ்வொரு தடவையும் இவ திரும்புறா. அந்த ஊர்ப் பேரு நம்ம ஆளுங்க வாயில நுழையாம, அப்புறம் காக்காத்துறைன்னே ஆயிடுச்சு.

ஆனா பாருங்க, அவளுக்குத் தெரிஞ்ச அந்த ஒரே சொல்லுதான் அங்கே செல்லுபடியாச்சு. ரெஹேமாகிட்ட போய் நெஞ்சுல கை வச்சு "காக்கா"ன்னா. கடலைக் காட்டினா. பின்கழுத்துல விரலால கோடு போட்டுக் காட்டினா. ரெஹேமாவுக்கு வேற விளக்கம் வேண்டியிருக்கலை. அவளும் ஒரு தங்கச்சிதானே. கடையைக் கட்டி வச்சுட்டு, சந்து சந்தாக் கூட்டிட்டுப் போனா. பன்னெண்டு வருஷம் ஆம்பளைங்களால முடியலைன்ன வேலையை, பேச்சே புரியாத ரெண்டு பொம்பளைங்க செஞ்சாங்க.

கச்சான் கிளம்புற நேரமாச்சு, தோணி ஊர் திரும்பணும். ஒரு ஜும்மா தொழுகை முடிஞ்சு ஆம்பளைங்க பள்ளிவாசல்லேர்ந்து இறங்கித் தெரு நிறைய வர்றாங்க. ரெஹேமா இவ தோளைத் தொட்டு, கூப்பிடுன்னு ஜாடை காட்டினா.

ஹவ்வா நாச்சி கூப்பிட்டா. "காக்கா!"

தெருவே திரும்புச்சு. கிழவர் திரும்பினார், வாலிபன் திரும்பினான், கழுதைக்காரன் திரும்பினான். அத்தனை பேரும் திரும்பினாங்க.

ஒருத்தர் மட்டும் திரும்பலை.

முதுகைக் காட்டிக்கிட்டு, கால் மண்ணுல பதிஞ்ச மாதிரி நின்னார். பின்கழுத்துல தழும்பு.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் குரல் யாருதுன்னு தெரியாதவன் எல்லாம் திரும்பினான். தெரிஞ்சவர்தான் திரும்பலை.

அவ சுத்திக்கிட்டு முன்னால போய் நின்னா. தாடி நரைச்சிருந்துச்சு. அவரேதான். ஒரு கையில ஒரு பையன், இன்னொரு கையில ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு முகம் அப்படியே அவ உம்மா முகம்.

"உங்களைக் கூட்டிட்டுப் போக நான் வரலை காக்கா. செய்னம்பு மச்சியை விட்டுட்டேன்னு ஒரு சொல் சொல்லுங்க, மாமாவைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றேன். அது போதும்."

உதுமான் பக்கத்துல நின்னவரைப் பார்த்து அந்த ஊர்ப் பேச்சுல என்னமோ சொல்லிச் சிரிச்சாராம். இந்த அம்மா யாரோ, ஆள் மாறி வந்து நிக்கிறாள்னு சொல்லியிருப்பார். பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு நடந்தார். அந்தப் பொண்ணுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போச்சாம்.

தோணி வெள்ளமுனைக்கு வந்துச்சு. ஊரே கரையில நிக்குது. உம்மா நிக்குது, செய்னம்பு நிக்குறா. மாமாகிட்டகூடச் சொல்லாம, வர்ற வழியெல்லாம் ஹவ்வா யோசிச்சது இதைத்தான். இருக்கார்னா உம்மாவுக்கு உயிர் வரும், செய்னம்புக்குப் போகும். இல்லைன்னா செய்னம்பு பிழைப்பா, உம்மா ஒடிஞ்சிடும். பொய்ச் சத்தியம் பண்ணவும் மனசில்லை.

பெரியவங்க கேட்டாங்க. உதுமானைப் பார்த்தியா?

"பார்த்தேன்."

எங்கே?

"பள்ளிவாசல் தெருவுல. நிறையப் பேர் கூடியிருந்தாங்க."

முகத்தைப் பார்த்தியா? அவன்தானா?

"கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்க காக்காதான். காக்கான்னு கூப்பிட்டேன். திரும்பலை." சொல்லிட்டு அழுதா.

மவுத்தானவங்களைத் தூக்கிட்டுப் போற ஜனாஸா ஊர்வலத்தைச் சொல்றாள்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. அவ ஒரு சொல்கூடப் பொய் சொல்லலை. ஒருத்தர் மட்டும், ஒரு பொம்பளை சாட்சி செல்லுமான்னு இழுத்தார். "பன்னெண்டு வருஷமாப் போய்வந்த ஆம்பளைச் சாட்சி யாராவது இருந்தா முன்னால வரட்டும்"னா. யாரும் வரலை.

செய்னம்பு, கைம்பொண்ணு இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிச்சு, அந்தச் சங்கு குளிக்கிறவரையே கட்டிக்கிட்டா. மூணு பிள்ளைங்க.

உம்மா நாப்பது நாள் அழுதுச்சு. நாப்பத்தொண்ணாம் நாள் மதியம், மீன் அரிஞ்சுக்கிட்டிருந்த மகள்கிட்ட வந்து உட்கார்ந்து, தலை நிமிராம கேட்டுச்சாம்.

"எத்தனை பிள்ளைங்க அவனுக்கு?"

ஹவ்வா கத்தியைக் கீழே வச்சா. "ரெண்டு உம்மா. பொண்ணு உங்க ஜாடை."

"சரி"ன்னுச்சாம் உம்மா. அப்புறம் மவுத்தாகுற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கலை.

உம்மாவும் போய், செய்னம்புவும் போனதுக்கு அப்புறந்தான் ஹவ்வா முழுக் கதையையும் சொன்னாளாம், செய்னம்பு பிள்ளைங்ககிட்ட. அதுக்குள்ள கண்ணும் மங்கிப்போச்சு. சாயந்தரமாக் கரைக்கு வந்து, கடலைப் பார்த்து "காக்கா"ன்னு ஒரு தடவை கூப்பிடுவாளாம். செய்னம்புவோட மூத்த மகன் வலையைப் போட்டுட்டுத் திரும்பி, "என்ன மாமி"ன்னு கேட்பானாம். அவனைப் பார்த்து மத்தவங்களும் திரும்ப ஆரம்பிச்சாங்க.

இன்னைக்கும் வெள்ளமுனைக் கரையில காக்கான்னு ஒரு பொண்ணு கூப்பிட்டா, வலை இழுக்கிறவங்க, ஐஸ் அள்ளுறவங்க, டீ குடிக்கிறவங்க, அத்தனை பேரும் திரும்புவாங்க. யாரு தங்கச்சின்னு பார்க்கிறதில்லை. வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஹவ்வா நாச்சி கூப்பிட்ட குரலுக்கு அன்னைக்குத் திரும்பாத ஒருத்தருக்காகத்தான் இந்த ஊரே திரும்பிக்கிட்டிருக்கு.