ஏழாவது ரீலின் பதினோரு விநாடி

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சார். துணியில் இருக்கிற தூசியே கீறிவிடும். முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், சொன்னால் யார் கேட்கிறார்கள்? கீறல் விழுந்த பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்கள்.

ஃபிலிமும் அப்படித்தான். இந்த ஊரில் பழைய படங்களின் பிரிண்டுகளைக் குப்பையிலிருந்து காப்பாற்ற என்னை விட்டால் நாதியில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை. நான் காட்டிய அந்தப் பழைய படத்துக்குப் பதினான்கு ரீல். நான்கைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். ஆறு ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மிச்சம் நான்கும் மூடிப்போன தியேட்டரில். நாலு வருடம் நாயாய் அலைந்து சேர்த்து, வெள்ளைத் துணியால் அடி அடியாகத் துடைத்து, நூலக மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாருக்கும் இலவசமாகப் போட்டுக் காட்டினேன்.

ஏழாவது ரீலில் சிரித்துவிட்டார்கள்.

ரயில் நிலையக் காட்சி அது. கதாநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். "அண்ணே, நீ மட்டும்" என்கிறாள். அடுத்த நொடி ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் பதினோரு விநாடியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். படத்திலேயே கண்ணீர் வர வேண்டிய இடம் அது, அங்கே போய்ச் சிரிப்பு.

ஏழாவது ரீல் கிடைத்தது அந்த மூடிப்போன தியேட்டரில்; வெட்டியது அங்கே இருந்த பழைய ஆபரேட்டர். தியேட்டரை மூடிய பிறகும் அவர் போக்கிடம் இல்லாமல், படம் ஓட்டிய அறையிலேயே தங்கிவிட்டார். கால் விளங்காது, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நகருவார். என் மனைவி தினமும் அவருக்கு மதியச் சாப்பாடு கட்டித் தருவாள், கடைக்குப் போகிற வழியில் நான் கொண்டுபோய் வைப்பேன். அவர் போட்டிருந்த கண்ணாடியும் நான் செய்து கொடுத்ததுதான். நான் நன்றி கெட்டவன் என்றோ கல்நெஞ்சக்காரன் என்றோ எழுதுவதற்கு முன் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டபோது அவர் மழுப்பவில்லை. சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற சுருளை எடுத்துக் காட்டினார்.

"அந்த சீன் எடுத்தப்ப கூட்டத்துல என் பொண்டாட்டியும் நின்னா, தம்பி. அதே வருஷம் போய்ச் சேர்ந்துட்டா. வேற போட்டோ கிடையாது. தினம் காலையில ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்துக்குவேன்."

"பெரியவரே, படம் எல்லாருக்கும் பொதுவாச்சே."

"நான் போனப்புறம் எடுத்துக்கோ."

இதை ஒரு எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவர்.

மூன்று முறை கேட்டேன். முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு பிரதி எடுத்து அவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். கொடுத்திருக்கலாம், என் போனிலேயே இரண்டு நிமிட வேலை. ஆனால் அவர் செய்தது திருட்டு, சார். திருடியவருக்குப் பரிசு கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு மறுபடி காட்சி வைத்திருந்தேன். வியாழக்கிழமை சாப்பாட்டை வைத்துவிட்டு, அவர் கை கழுவும்போது, கழற்றி மாட்டியிருந்த சட்டையிலிருந்து சுருளை எடுத்துக்கொண்டேன். பார்த்துவிட்டார். "நான் அங்க வந்து எல்லார் முன்னாடியும் கேப்பேன்டா" என்று எழுந்தார். செங்குத்தான படி, விழுந்து வைப்பார் என்று நடைவண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டேன். ஒரு செம்பு தண்ணீர் உள்ளே இருந்தது. மெஷின் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கட்டிய அறை, இரும்புக் கதவு. சனிக்கிழமை சாயங்காலம் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சனிக்கிழமை நூற்று இருபது பேர் வந்தார்கள். ரயில் நிலையக் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலகச் செயலாளர் என் கையைப் பிடித்து, "நாளைக்கும் போடுங்க, புதன்கிழமை பக்கத்துக் காலனிக்கும் போடுங்க" என்றார். கதவைத் திறந்தால் அவர் சுருளைக் கேட்பார். கொடுத்தால் ஒட்டியதை மறுபடி வெட்ட வேண்டும். அத்தனை பேரும் கேட்கும்போது எப்படி மறுப்பது?

அன்று சாயங்காலம் படி வரைக்கும் போனேன். தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்டது, நன்றாகத்தான் இருக்கிறார் என்று திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை போனபோது சத்தம் இல்லை. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று வந்துவிட்டேன். மனைவி தினமும் கட்டித் தந்த சாப்பாட்டைக் கடையில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன், வீணாக்க மனம் வரவில்லை. காலிப் பாத்திரத்தைப் பார்த்து, "பெரியவர் இப்பல்லாம் நல்லா சாப்பிடறாரே" என்று அவளுக்குச் சந்தோஷம்.

எட்டாம் நாள், சமையல் பிடித்திருக்கிறதா என்று நேரில் கேட்க அவளே கிளம்பிப் போனாள். தாழை நீக்கியது அவள்தான். அதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நல்லதும் கெட்டதும் தெரியும், சினிமா தெரியாது.

தாழ் போட்டது நான். திறக்காமல் விட்டதும் நான். தெரியாமல் நடந்தது என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். நாலு வருடத்தில் நான் தெரியாமல் செய்த காரியம் ஒன்றுமில்லை.

அந்தத் துண்டை வெட்டி அவர் உடலோடு வைத்துவிடலாம் என்று உங்கள் ஏட்டய்யா சொல்கிறாராம். கூடாது. என்னைத் தூக்கில் போட்டாலும் அதில் கை வைக்க விடமாட்டேன். அவர் அந்தப் பெண்ணைப் பையில் போட்டு ஒளித்து வைத்திருந்தார். நான் அவளைத் திரையேற்றி ஊரே பார்க்கும்படி செய்திருக்கிறேன். அவள் மேல் யாருக்கு அதிக அக்கறை, நீங்களே சொல்லுங்கள். இருநூற்று அறுபத்து நாலு பிரேம். ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்துத் துடைத்திருக்கிறேன். கூட்டத்தில் ஒன்பது பெண்கள், ஒவ்வொருத்தி முகமும் அவ்வளவு தெளிவு.

அதில் அவருடைய மனைவி யார் என்றா கேட்கிறீர்கள்? தெரியாது, சார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.