'திருத்தி' என்று எழுதிய மனு

முன்னிலை: கண்காணிப்பாளர் அஸ்வினி அம்மா, சமையலர் தங்கப்பொண்ணு அக்கா, வாயிற்காவலர் கருத்தக்கண்ணன் அண்ணன், இரவுக் காவலர்கள் நால்வர், அலுவலக ஊழியர்கள் மூவர், பட்டறைப் பையன்கள் பதினொருவர். வெளியாட்கள் வந்திருப்பதால் பையன்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

பத்தொன்பது ஆண்டுகள் இந்தச் சிறுவர் இல்லத்தில் இரும்போடும் நெருப்போடும் எங்களோடும் மல்லுக்கட்டிய வெல்டிங் ஆசிரியரே! பசுமலையிலிருந்து ஒரு நாளும் தாமதமாக வராதவரே! இன்று பணி ஓய்வு பெறும் ஆசீர்வாதம் ஐயா அவர்களே!

எந்தப் பையனிடமும் "என்ன செஞ்சிட்டு வந்தே?" என்று நீங்கள் கேட்டதில்லை. "என்ன வேலை தெரியும்?" என்றுதான் கேட்டீர்கள். பைக் திருடி வந்தவன், பைக் கழற்றத் தெரியும் என்றான். சிரிக்காமல் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். பற்றவைப்பு பிசகினால், "டேய், இது வெல்டிங்கா, காக்கா எச்சமாடா?" என்பீர்கள். ஒருவனையும் அடித்ததில்லை. வெல்டிங் ஒளி பட்டுக் கண்ணெரிச்சலில் படுத்தவர்களுக்கு உருளைக்கிழங்கு நறுக்கி வைத்தீர்கள். "அம்புட்டையும் கண்ணுல வச்சுட்டா குழம்புக்கு என்னத்த சார் போட?" என்று சண்டை பிடித்த தங்கப்பொண்ணு அக்கா, இதோ முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

பையன்களின் தொழிலுக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும் என்று ஏழு ஆண்டுகள் அலைந்தீர்கள். கடைசியில் கிடைத்தது. முதலில் வாங்கியவன் மேலூர்ப் பையன். மலையாண்டி என்று வைத்துக்கொள்வோம். அவன் சொந்தப் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் சான்றிதழ் அச்சடிக்கும் அறைக்குப் போய்ச் சேரவில்லை. பயிற்சி பெற்ற இடம் என்று இந்த இல்லத்தின் பெயரை அதில் போட்டிருந்தார்கள்.

விடுதலையாகி வில்லாபுரத்தில் ஒரு கேட் பட்டறைக்குப் போனான். முதலாளி ஒரு கதவைப் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சான்றிதழைப் படித்தார். "வேலை சுத்தமா இருக்கு தம்பி. அட்ரஸ்தான் சரியில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு வரியை எடுத்துத் தரச் சொல்லி உங்களிடம் வந்தான். பயிற்றுநர் கையெழுத்தோடு மனு போனது. "பயிற்சி நிலையத்தின் பெயரைத் திருத்தித் தருமாறு" என்று அதில் எழுதியிருந்தோம். எழுதியது இந்த மடலை எழுதும் அதே கைதான். 'நீக்கி' என்று எழுதியிருக்க வேண்டும். திருத்தித்தான் அனுப்பியிருக்கிறார்கள். முன்பு இல்லத்தின் சுருக்கப் பெயர் இருந்த இடத்தில் இப்போது "சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்களுக்கான சிறப்பு இல்லம்" என்று முழுதாக, தடித்த எழுத்தில், பிழையில்லாமல் இருக்கிறது.

இன்னொரு மனு போடலாம். பயிற்றுநராகக் கையெழுத்துப் போட இனி ஆள் இல்லை. உங்கள் இடத்துக்கு யாரையும் போடவில்லை. நாளை முதல் பட்டறை இயங்காது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பதினொருவருக்கும் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை. இந்த மடலை வாசிக்கும்போதுதான் கேட்கிறார்கள்.

ஐயா, உங்கள் கண்பார்வை குறையாமல் இருக்கட்டும். பகலில் வேலையில்லாத வீட்டில் உங்களுக்கு நல்ல தூக்கம் வரட்டும். பேரப்பிள்ளைகளோடு நெடுங்காலம் நோயின்றி இருங்கள். மனதார வாழ்த்துகிறோம்.

நேற்று நடந்ததை எழுதாமல் கையெழுத்திட எங்களுக்கு மனம் வரவில்லை. மலையாண்டி வந்திருந்தான். புதுச் சான்றிதழை வாசலுக்கு உள்ளே நின்று இரண்டு முறை படித்தான். கோபப்படவில்லை.

"உள்ளயே ஏதாச்சும் வேல இருந்தாக் குடுங்க சார். இந்தப் பேப்பர் இங்க மட்டுந்தான் செல்லும்" என்றான்.

 

"நேரமாச்சு மாப்ள, கிளம்பு" என்றார் கருத்தக்கண்ணன் அண்ணன்.

"வாரேன் சார்" என்று சொல்லி வெளியே போனான். அண்ணன் கதவைச் சாத்திப் பூட்டினார்.

இங்ஙனம்,
இல்லப் பணியாளர்கள்,
மதுரை.