சங்கைத் தனியாக விடாதீர்கள்

அவையின் தலைமையை ஏற்று அழகு சேர்க்கும் தேனம்மை ஆச்சி அவர்களே, சாக்கோட்டையிலிருந்தும் மானகிரியிலிருந்தும் வேலைவெட்டியை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தூங்கும் பிள்ளையை மடியில் போட்டபடி என்னையே பார்த்திருக்கும் தாய்மார்களே, சென்னையிலிருந்து வந்து மேடையில் வீற்றிருக்கும் என் தோழி, இயக்குநர் ரோகிணி அவர்களே, புதுவயல் அரிசி மில் இரைச்சலில் வளர்ந்த இந்த நாகஜோதியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

திரைப்படத்துக்கு இசையமைக்கும் படிப்பை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பாராட்டு விழா எடுத்திருக்கிறீர்கள். மாலையை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி அமர்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். வாசலில் ஒரு பேச்சு காதில் விழுந்துவிட்டது. துண்டில் சுற்றிய சங்கோடு நின்ற கோட்டைச்சாமி அண்ணனிடம் விழா அமைப்பாளர் சேவுகப்பெருமாள் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு ஊத வேணாம்ணே. மெட்ராஸ்காரவுக வந்திருக்காக. தப்பா நெனச்சுப்புடுவாக."

எனக்குக் கோபம் வந்தது. அமைப்பாளர் மன்னிக்க வேண்டும், அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. இதே பயத்தில் நானும் ஒருநாள் நடுங்கியவள் என்பதால் சொல்கிறேன்.

இசையமைப்புப் படிப்பு என்றால் என்ன? மெட்டுக் கட்டுவதா? மேளம் சேர்ப்பதா? ஊமையாக ஓடும் ஒரு காட்சியை நம் முன்னால் வைப்பார்கள். ஒருத்தி கதவைத் திறக்கிறாள். ஆசையில் திறக்கிறாளா, அச்சத்தில் திறக்கிறாளா? அதை இசை சொல்ல வேண்டும். எங்கே ஒலிப்பது என்பதற்கு ஓராண்டு. எங்கே ஒலிக்காமல் இருப்பது என்பதற்கு இன்னோர் ஆண்டு.

இறுதித் தேர்வுக்கு எனக்கு வந்தது மூன்று நிமிடக் கல்யாணக் காட்சி. எடுத்தவர் அங்கேயே இயக்கம் படித்த, இதோ இருக்கும் ரோகிணி. மதிப்பெண் இருவருக்கும் சேர்த்து. தோற்றால் இருவருக்கும் இன்னொரு வருடம் வீண். நான் என்ன செய்தேன்? நம் ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில் பதிவு செய்த கோட்டைச்சாமி அண்ணனின் சங்கை எடுத்தேன். அக்கம்பக்கச் சத்தமெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கினேன். தாலி கட்டும் இடத்தில் கம்பீரமாக வைத்தேன்.

அங்கே ஓர் அம்மா, "அதுல என்ன தப்பு?" என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அம்மா.

திரையில் தாலி ஏறியது. சங்கு முழங்கியது. மூன்று தேர்வாளர்களும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஒருவர் கேட்டார்: "மாப்பிள்ளை எப்போ செத்தார்?"

சிரிக்கிறீர்களா? அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் சங்கு கல்யாணத்துக்கும் ஊதும், காரியத்துக்கும் ஊதும். அவர்கள் ஊரில் காரியத்துக்கு மட்டும்தான். இது எனக்குத் தெரியவே தெரியாது. பத்து நிமிடம் தருகிறோம், திருத்தி மறுபடி போடு என்றார்கள். அருகில் இருந்த ரோகிணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "சங்கைத் தூக்கிடு ஜோதி. நாகஸ்வரம் வை. என் படத்தைக் காப்பாத்து" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். இல்லையா ரோகிணி? தலையாட்டுகிறார்.

ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. சங்கை அழிக்கும் பொத்தான்மேல் என் விரல் இருந்தது. அழித்தால் தேர்ச்சி. அழிக்காவிட்டால்? ரோகிணியின் ஒரு வருடத்தைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை?

கடைசியாக ஒருமுறை கேட்போம் என்று, வெட்டாத பழைய பதிவைத் திறந்தேன். அதில் சங்குக்கு முன்னால் ஒரு குரல்: "அண்ணே, தம் கட்டி ஊதுங்க, மாப்பிள்ளை தூங்குறாக." அதைத் தொடர்ந்து பெண்களின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே சங்கு. சங்கு முடியுமுன்னே மறுபடி சிரிப்பு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மீனம்மாள் அக்கா மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறார், பாருங்கள்.

அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. சங்கை வைத்தது தவறில்லை. சனத்தை வெட்டியதுதான் தவறு! சங்கு தனித்து நின்றால் சாவு வீடு. சனம் சூழ நின்றால் கல்யாண வீடு. சுத்தம் சுத்தம் என்று நான் வெட்டி எறிந்தது இரைச்சலை அல்ல, அர்த்தத்தை.

மிச்சம் நான்கு நிமிடம். வெட்டியதை எல்லாம் ஒட்டினேன். ரோகிணி என் தோளைப் பிடித்து, வேண்டாம் என்றார். ஒட்டினேன். படம் ஓடியது. தேர்வாளர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, கால்களைத்தான் பார்த்தேன். மீனம்மாள் அக்காவின் குரல் வந்தது. சிரிப்பு வந்தது. சங்கு வந்தது. யாரும் திடுக்கிடவில்லை. செத்தது யார் என்று கேட்டவரே சிரித்தார். "இது எந்த ஊர்க் கல்யாணம்மா?" என்றார். காரைக்குடிப் பக்கம் என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அன்று தேர்வு மண்டபத்தில் ஒலித்த சங்கு இன்று சொந்த ஊரில் துண்டுக்குள் கிடக்கலாமா? வெளியூர்க்காரருக்காக நம் ஒலியை நாமே மறைத்தால், நான் ஈராண்டு எதைப் படித்தேன்? எதற்குப் படித்தேன்?

தலைவர் ஆச்சி அவர்களுக்கும், அழைத்த அமைப்பாளர் அண்ணனுக்கும், வேண்டாம் என்றாலும் என்னோடு நின்ற ரோகிணிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள். நான் இன்னும் உட்காரவில்லை, ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மீனம்மாள் அக்கா, கையை எடுத்துவிட்டு அன்று சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரியுங்கள்; சங்கைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

கோட்டைச்சாமி அண்ணே, துண்டைப் பிரிங்க. ஊதுங்க.